ஒன்பதாவது கேசட்

2002 அக்டோபர் மூன்றாம் தேதி, வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கே துபாயின் ராஷிதியாவில் வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. வில்லாவின் வாசலில் கார் இன்ஜினை அணைக்காமல் டேனியல் சார் காத்திருந்தார். உள்ளே அவர் மனைவி ரூத் ஒரு செருப்பைப் போடுவதும் கழற்றுவதும் வேறொன்றை எடுப்பதுமாக நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தார். ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார்; அங்கே வயிற்றில் அறுவை சிகிச்சை, அதன் பிறகு மருந்து. மூன்று மாதம் ஆகும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"மரியம், இங்க வா" என்று சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

வீட்டில் வேலை பார்க்கும் மரியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரூத் ஒரு செருப்புப் பெட்டியை அவள் கையில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு கேசட்டுகள். ஒவ்வொரு டப்பாவின் முதுகிலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை சிவப்பு மையில் எண்.

"வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு. சூரியன் விழறதுக்கு முன்னாடி போட்டுடு. மெழுகுவர்த்தி ஏத்தின பிறகு டேப்பைத் தொடக் கூடாது. வரிசை மாறக் கூடாது. பிள்ளைங்க கெஞ்சுவாங்க, அடுத்த வாரத்துக் கதையைப் போடுன்னு. போடாதே."

"சரி மேடம்."

"பன்னிரண்டு முடியறதுக்குள்ள வந்துடுவேன்."

"இன்ஷா அல்லாஹ்" என்றாள் மரியம். ரூத் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் தவறாக எடுத்துக்கொண்டதில்லை.

எட்டு வயது ஷிரா அழவில்லை. ஐந்து வயது தாலியா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கார் முனை திரும்பியது.

மரியத்துக்கு ஊர் கீழக்கரை. முப்பத்தாறு வயது. கணவர் இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் ஹிஃப்ஸா, பன்னிரண்டு வயது, ஊரில் மரியத்தின் தம்பி நிஜாமின் வீட்டில் அவன் மனைவி ஆபிதாவோடு இருந்தாள். நிஜாம் தேராவில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தான். தான் லாத்தா என்று கூப்பிடும் அக்காவை துபாய்க்கு அழைத்து வந்து ஏஜென்ட் மூலம் இந்த வீட்டில் சேர்த்துவிட்டவன் அவன்தான். "சவுத் ஆப்பிரிக்காக்காரங்க. கிறிஸ்டியனுங்க. பன்னிக்கறி மட்டும் கேட்டா மாட்டேன்னு சொல்லிடு" என்று எச்சரித்து அனுப்பியிருந்தான்.

யாரும் கேட்கவில்லை. பன்னிக்கறி அந்தச் சமையலறை வாசலையே மிதித்ததில்லை. கறியையும் பாலையும் ஒரே பாத்திரத்தில் வைக்க விடமாட்டார் மேடம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஜன்னல் ஷட்டர்கள் எல்லாம் கீழே இறங்கும். இரண்டு மெழுகுவர்த்தி எரியும். அரபி மாதிரி காதில் விழுந்து ஆனால் அரபியாக இல்லாத ஒரு பாட்டு கேட்கும். ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் ரூத்தே அவளை உட்காரவைத்துச் சொன்னார்: "நாங்க யூதர்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ஞ்சா எங்களுக்கு ஓய்வு நாள். இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. சாரோட கம்பெனிக்கும் தெரியாது. உனக்குக் கஷ்டமா இருந்தா போகலாம், நல்ல வீடா பார்த்து நானே சேர்த்துவிடறேன்."

மரியம் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் தாலியாவுக்குக் காய்ச்சல் வந்தது. அதோடு யோசனை நின்றது. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. நிஜாமிடம்கூட. அந்த வருஷங்களில் தேராக் கடைகளின் டிவியில் நாள் முழுக்கப் பாலஸ்தீனம்தான். சாயா குடிக்கிற இடத்தில் எல்லாம் அந்தப் பேச்சுதான்.

ரூத் கதை சொல்வதில் கெட்டிக்காரர். துபாயில் அவர்கள் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரப் பள்ளி ஏது, ஆசிரியர் ஏது. வருஷம் முழுவதும் வாரத்துக்கு ஒரு பகுதி என்று அவர்களுடைய வேதத்தைப் படித்து முடிப்பது வழக்கம். அந்தந்த வாரப் பகுதியைக் கதையாக்கி வெள்ளிக்கிழமை பிள்ளைகளுக்குச் சொல்வார். உலகம் படைக்கப்பட்ட கதை, பெருவெள்ளம், ஆபிரகாம், யாக்கோபு. துணி மடித்துக்கொண்டே கேட்ட மரியத்துக்கு வாய் துறுதுறுக்கும். இது நம்ம நூஹ் நபி. இது நம்ம இப்ராஹீம் நபி. ஆனால் பலி கொடுக்கக் கொண்டுபோன பிள்ளை யார் என்ற இடத்தில் ஒருமுறை அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"மேடம், அது இஸ்மாயில்."

"ஈசாக்கு."

"இல்ல மேடம், எங்க மதரஸாவுல..."

ரூத் கையை உயர்த்தினார். கோபமில்லை, ஆனால் கண்டிப்பு இருந்தது. "உன் வீட்டுக் கதை உன்னோட. என் வீட்டுக் கதை என்னோட. ரெண்டையும் நான் மதிக்கிறேன். பிள்ளைங்க காதுல மட்டும் கலக்காதே. இவங்களுக்கு இந்த ஊர்ல நான் ஒருத்திதான் இருக்கேன் சொல்றதுக்கு."

மரியம் அன்றிலிருந்து கலக்கவில்லை.

இப்போது அந்த ஒருத்தியும் செருப்புப் பெட்டிக்குள் இருந்தார். முதல் கேசட்டைப் போட்ட வெள்ளிக்கிழமை வீடே அசந்துபோனது. மேடம் வெறுமனே கதையைப் பேசி வைத்திருக்கவில்லை. நடுநடுவே கேள்வி கேட்டு, பிள்ளைகள் பதில் சொல்ல முப்பது விநாடி இடம் விட்டிருந்தார். "தாலியா, ஏழாம் நாள் கடவுள் ஓய்வு எடுத்தாரே, நீயா இருந்தா என்ன செய்திருப்பே?" டேப் சும்மா சுற்றியது. தாலியா யோசித்து, "பல் விளக்க மாட்டேன்" என்றாள். "ரொம்ப நல்ல பதில்" என்றது டேப். ஷிரா விழுந்து விழுந்து சிரித்தாள். வாரா வாரம் கதை முடிவில் ஒரு பெரிய கேள்வியும் வரும். அதற்கு முப்பது விநாடி கிடையாது. ஒரு வாரம் யோசிக்க வேண்டும். அடுத்த கேசட்டின் தொடக்கத்தில் பதில் சொல்ல இடம் இருக்கும்.

சாருக்குக் கதையெல்லாம் வராது. ஃபுஜைரா பக்கம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. வாரத்தில் நான்கு நாள் அங்கேயே. பிள்ளைகள் பெரிய கேள்விகளை மரியத்திடம்தான் கொண்டுவந்தார்கள். பதில் தெரியாமல் விழிக்கக் கூடாதே என்று, அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு அடுத்த வாரத்து கேசட்டை முன்கூட்டியே போட்டுக் கேட்க ஆரம்பித்தாள். மேடம் பிள்ளைகளுக்குத்தான் தடை போட்டார், எனக்கில்லையே என்று ஒரு சமாதானம்.

இதற்குள் நோன்பு மாதம் வந்தது. ஊருக்குப் போகிறவர்கள் பெருநாளுக்குப் புறப்பட ஆரம்பித்தார்கள்.

கீழக்கரைக்கும் துபாய்க்கும் நடுவே மரியத்தின் கேசட் ஒன்று எப்போதும் போய்வந்துகொண்டிருந்தது. அவளுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. போனில் கார்டு தீர்ந்துவிடும். ஆகவே கேசட்டில் பேசி ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவாள். ஹிஃப்ஸா அதைத் தேயத் தேயக் கேட்பாள். அங்கிருந்து யாராவது துபாய்க்குக் கிளம்பும்போது அதே கேசட்டின் மேலேயே பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு கேசட்டில் எத்தனை கடிதம் அழிந்திருக்கும் என்று யாரும் எண்ணியதில்லை.

பழைய கேசட் நைந்துவிட்டதால் இந்த முறை புதிது எடுத்திருந்தாள். ரூத் இருபது கேசட் உள்ள பாக்கெட் வாங்கி, பன்னிரண்டில் கதை பதித்து, மீதி எட்டையும் அவளுக்கே கொடுத்திருந்தார். அதே கம்பெனி, அதே கறுப்பு. எண் எழுதியிருந்தது டப்பாவில் மட்டும்தான்.

நவம்பர் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை மதியம். மரியம் ஒன்பதாவது கேசட்டைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். யோசேப்பின் கதை. மதரஸாவில் அவள் உயிராகக் கேட்ட யூசுப் நபியின் கதை. மேடம் முதலில் அந்தப் பாட்டைப் பாடினார். பிறகு பல வண்ணச் சட்டையைப் பற்றி இரண்டு வரி சொன்னார். அப்போது வாசலில் ஹாரன். ஊருக்குப் போகும் கௌஸ் முகம்மது, கீழக்கரையில் ஒரே தெருக்காரர், அவளுக்கு அண்ணன் முறை.

"மரியம், யல்லா, சீக்கிரம்! வண்டிய நடுரோட்டுல நிப்பாட்டியிருக்கேன், போலீஸ்காரன் பாக்குறான்!"

"இந்தா வர்றேன் காக்கா!"

டேப்பை நிறுத்தினாள், கேசட்டை வெளியே எடுத்தாள். மேஜையில் முந்தின நாள் ஹிஃப்ஸாவுக்குப் பேசிவைத்த கேசட் கிடந்தது. ஒன்றை ஒன்பதாம் எண் டப்பாவில் போட்டாள். இன்னொன்றைப் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு சேர்த்து வாசலுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று அவர்களுடைய எட்டு நாள் விளக்குப் பண்டிகையும் தொடங்குகிறது. மற்ற ஊர்களில் அந்த விளக்கைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி ஜன்னலில் வைப்பார்களாம்; இங்கே மாடிப்படிக்குக் கீழே வைத்தார்கள். சார் வர முடியவில்லை. ஆலையில் ஏதோ பம்பு நின்றுவிட்டது, சனிக்கிழமை மதியம்தான் வருவேன் என்று போன் செய்திருந்தார். மாலை ஐந்து மணி. ஷட்டர்களை இறக்கிவிட்டு மரியம் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து வைத்தாள். ஷிரா பொத்தானை அழுத்தினாள்.

"ஹிஃப்ஸா கண்ணு, உம்மா பேசுறேன். நல்லா இருக்கியா? தலைக்கு எண்ணெய் வைக்கிறியா?"

தாலியா கைதட்டினாள். "மரியம்! டேப்புக்குள்ள மரியம்!"

மரியமும் ஒரு கணம் சிரித்தாள். பிறகு டப்பாவைத் திருப்பினாள். ஒன்பது. பெட்டியில் மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். வேண்டாத வேலை என்று அவளுக்கே தெரியும். மேடத்தின் குரல் கீழக்கரையில் இருந்தது. ஊரிலிருந்து அடுத்த தெரு ஆள் ஒருவர் பெருநாளுக்கு முன்பே டூட்டியில் சேர வேண்டும் என்று சனிக்கிழமை மதியம் கிளம்புகிறார் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குள் ஆபிதா பதில் பேசிவிடுவாள். அதே கேசட்டில். மேடத்தின் மேல்.

கைபேசியில் நான்கு திர்ஹம்தான் மிச்சம். ஊருக்கு அழைக்கப் போதாது. கார்டு வாங்கக் கடைக்குப் போகலாம் என்றால், பிள்ளைகளைத் தனியாக விட்டுப் போக முடியாது. நிஜாமை அழைத்தாள். கடையில் பெருநாள் கூட்டம். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"என்ன லாத்தா, பாங்கு சொல்ற நேரத்துல?"

"தம்பி, உடனே ஆபிதாவுக்குப் போன் போடு. கௌஸ் காக்கா கொண்டுபோன கேசட்டுல எதுவும் பதிய வேணாம்னு சொல்லு. அப்படியே திருப்பி அனுப்பணும்."

"ஏன், அதுல என்ன இருக்கு?"

உண்மை அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது. நோயாளித் தாய் பிள்ளைகளுக்குப் பேசி வைத்தது என்று சொன்னால் நிஜாம் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவான். அவன் மனசு அப்படி. ஆனால் ஆபிதாவிடமும் சொல்வான். அப்படி ஒரு தாய் என்றால் ஆபிதா கேட்காமல் இருப்பாளா? தெருவையே கூட்டி வைத்துக் கேட்பாள். முதலில் வருவதே அந்தப் பாட்டு. பள்ளிவாசல் தலைவர் வீட்டுப் பெண்கள்வரை வந்து உட்கார்ந்து, இது என்ன பாஷை என்பார்கள்.

"சும்மா... சாரோட ஆபீஸ் கேசட். தப்பா வந்துடுச்சு."

"அட, இவ்வளவுதானா! நான் என்னமோன்னு பயந்துட்டேன். சரி, ராத்திரி தராவீஹ் தொழுகை முடிஞ்சு போடுறேன். இப்ப லைன் கிடைக்காது, துபாயே ஊருக்குப் பேசிக்கிட்டிருக்கு."

"மறந்துடாதே தம்பி."

"மறக்கல லாத்தா. கலாஸ், விடு."

பாங்கு கேட்டது. மரியம் பேரீச்சம்பழத்தைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"கதை?" என்றாள் தாலியா. உதடு பிதுங்க ஆரம்பித்தது. "அம்மா கதை எங்கே?"

இன்னும் மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, நேரமும் தாண்டிவிட்டது. மரியம் தரையில் உட்கார்ந்தாள். கலக்காதே என்று மேடம் உயர்த்திய கை கண்முன்னே நின்றது. இருந்தாலும் அவளுக்குத் தெரிந்த கதை ஒன்றுதான் இருந்தது. தெரிந்த விதமும் ஒன்றுதான்.

"யாக்கோபுக்குப் பன்னிரண்டு பிள்ளைங்க" என்று ஆரம்பித்தாள். "யோசேப்பு ஒரு கனவு கண்டான். சூரியன், சந்திரன், பதினோரு நட்சத்திரம்." உடைந்த ஆங்கிலத்தில், கை காலெல்லாம் ஆட்டிச் சொன்னாள். அண்ணன்மார் அவனைக் கிணற்றில் தள்ளிய இடத்தில் தாலியா அவள் மடிக்கு நகர்ந்தாள். சட்டையில் பொய் ரத்தத்தைப் பூசி, ஓநாய் தின்றுவிட்டது என்று அப்பாவிடம் வந்து அழுதார்கள் என்றதும் கேட்டாள்: "அப்பா நம்பிட்டாரா?"

"நம்பல. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. எங்கேயும் கிழியல. 'நல்ல ஓநாய்டா இது, பிள்ளையைத் தின்னுட்டு சட்டையைக் கிழிக்காம விட்டிருக்கே'ன்னாரு. அழுதாரு, அழுது அழுது கண்ணே போச்சு. ஆனா அவருக்குத் தெரியும், பிள்ளை உசுரோட எங்கேயோ இருக்குன்னு."

ஷிரா தலையசைத்தாள். "இல்ல மரியம். போன வருஷம் அம்மா சொன்னாங்க. அப்பா நம்பிட்டார். தன் சட்டையைக் கிழிச்சுக்கிட்டு அழுதார். நீ மாத்திச் சொல்றே."

மரியம் தாலியாவை மடியில் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு மரியம் சொன்னதுதான் வேணும்" என்றாள் தாலியா.

"அது வேணுங்கறதுக்காக இல்ல, முட்டாள். அப்படித்தான் எழுதியிருக்கு."

சண்டை முற்றுவதற்குள் மரியம் தீப்பெட்டியை எடுத்து ஷிராவின் கையில் கொடுத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை, அங்கே அப்போது பள்ளி உண்டு; காலை பிள்ளைகள் பள்ளி வேன் ஏறியதும் கார்டு வாங்கிக்கொண்டு பூத்துக்கு ஓடினாள். ஊருக்கு லைன் கிடைக்கவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் பத்துப் பேர். எல்லார் கையிலும் கார்டு. வரிசை சுற்றி மூன்றாவது முறை அவளிடம் வந்தபோது மணி பதினொன்று. இந்தியாவில் பன்னிரண்டரை. ஹிஃப்ஸாதான் எடுத்தாள்.

"உம்மா! கேசட் வந்துச்சு. பதிலும் பேசி அனுப்பியாச்சு. விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பிட எழுந்தோம்ல, அப்பவே பேசிட்டோம். நான் மட்டும் இருபது நிமிஷம் பேசியிருக்கேன்!"

மரியம் பூத்தின் கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். "நிஜாம் மாமா போன் பண்ணலியா?"

"இப்பத்தான் பண்ணாங்க, அரை மணி நேரம் ஆச்சு. ஏதோ ஆபீஸ் கேசட்டுன்னாங்க. ஆபிதா மாமி, 'அட, போச்சே'ன்னு சிரிச்சாஹ. ஏன் உம்மா?"

"அதுல இருந்ததைக் கேட்டீங்களா?"

"கொஞ்சம். யாரோ வெள்ளைக்காரி பாடுனா. நீ பேசலியேன்னு ரெண்டு பக்கமும் பாத்தோம். மாமி, 'இது அந்த வீட்டுப் பழைய கேசட்டு, மேலேயே பேசு'ன்னாஹ. ஏன் உம்மா, திட்டுவாங்களா?"

"இல்ல கண்ணு. நல்லா பேசியிருக்கியா?"

"ஆமா. நீ கேட்டா அழுவே."

பிற்பாடு, ஊரிலிருந்து கிளம்பிய ஆள் வந்து சேர்ந்த பிறகு அந்த கேசட்டை முழுதும் கேட்டாள். இருபது நிமிஷம் ஹிஃப்ஸா. அதன் பிறகு ஆபிதா, அவள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர். மறுபக்கம் நிஜாமுக்கு. நாடாவின் கடைசி நூல் வரை பேசியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே வழக்கம்போல் மேடத்தின் போன் வந்தது. அதற்குள் மரியம் ஷிராவைத் தனியே அழைத்துப் பேசிவிட்டாள். "அம்மாவுக்கு இப்ப உடம்பு சரியில்ல. கேசட் விஷயம் தெரிஞ்சா வருத்தப்படுவாங்க. நானே சமயம் பார்த்துச் சொல்றேன்." ஷிரா கண்ணை எடுக்காமல் பார்த்தாள். "பொய் சொல்லச் சொல்றியா?" "சொல்லாம இருன்னு சொல்றேன்." போனில் ஷிரா, "கதை நல்லா இருந்தது அம்மா" என்றாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாலியாவுக்குப் போன் கிடைத்தபோது அவள் தன் ஆடிக்கொண்டிருந்த பல்லைப் பற்றியே பேசி முடித்தாள்.

பெருநாள் வந்து போனது. மறுநாள் வெள்ளிக்கிழமை பத்தாவது கேசட். சார் வந்திருந்தார், கைகளைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்தது. மேடத்தின் குரல் உற்சாகமாக வந்தது.

"போன வாரம் ஒரு கேள்வி கேட்டேன். இதுவரைக்கும் கேட்டதிலேயே பெரிய கேள்வி. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ என்கிட்ட கேட்டது. எனக்கு ஒரு வாரம் பத்தல. நீங்க யோசிச்சீங்களா? ஷிரா, முதல்ல நீ."

டேப் சுற்றியது. முப்பது விநாடி அவ்வளவு நீளம் என்று மரியத்துக்கு அன்றுவரை தெரியாது. ஷிரா மரியத்தைப் பார்த்தாள். மரியம் தரையைப் பார்த்தாள். ஏசியின் உறுமல் மட்டும் கேட்டது.

"ம்ம்" என்றது டேப், கனிவாக. "நான் நினைச்சதும் அதுதான்."

"என்னம்மா, பதில் சொல்லலியா?" என்றார் சார். "கேள்வி என்ன?"

"மறந்துட்டேன்" என்றாள் ஷிரா.

அந்தக் கேள்வி இப்போது உலகத்தில் ஒருத்தரிடம் மட்டும்தான் இருந்தது. அந்த வாரம் முழுவதும் மரியம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றைப் பற்றியா? அண்ணன்மாரைப் பற்றியா? கனவைப் பற்றியா? அடுத்த போனில் சொல்லிவிடுவது என்று சனிக்கிழமை தயாராக உட்கார்ந்திருந்தாள். ஆனால் பேசியது மேடத்தின் தங்கை. அக்கா தூங்குகிறாள், அடுத்த வாரம் பேசுவாள். புதன்கிழமை மரியமே கார்டு போட்டு அழைத்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று பதில் வந்தது. பதினோராவது கேசட்டில் மேடம் எகிப்தில் சகோதரர்கள் அழுது கட்டிக்கொண்டதைச் சொன்னார். ஷிரா எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சார் மூன்று டிக்கெட் வாங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை விமானம். "பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னார். மரியம் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அவற்றின் மேல் செருப்புப் பெட்டியை வைத்தாள். வைத்த பிறகு அவளால் நகர முடியவில்லை.

"சார், ஒரு விஷயம்."

"இப்பவா?"

"இப்பத்தான் சார்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முன்கூட்டிக் கேட்டது, கௌஸ் முகம்மதின் ஹாரன், நிஜாமிடம் சொன்ன பொய், ஷிராவைச் சொல்ல வைத்த பொய், தன் மதரஸாக் கதையைப் பிள்ளைகள் காதில் போட்டது. எதையும் குறைக்கவில்லை. டேனியல் சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, திறந்து, மூடினார்.

"பாட்டை யாராவது கேட்டாங்களா?"

"ரெண்டு நிமிஷம். யாருக்கும் ஒண்ணும் புரியல."

"அது பரவாயில்ல." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "நீ ஏன் உன் தம்பிகிட்ட உண்மையைச் சொல்லலே?"

"உங்களுக்காகத்தான் சார். தெரிஞ்சுடுமேன்னு."

"நாங்க வேற ஊர் பார்த்துப் போயிருப்போம், மரியம். ஊர் கிடைக்கும்."

சார் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் மரியம் தாங்கியிருப்பாள்.

"அந்தக் கேள்வியை மட்டும் மேடத்துகிட்ட கேட்டுடுங்க சார். பேச முடிஞ்சா. என்னைத் திட்டட்டும். பிள்ளைங்களுக்கு அந்தக் கேள்வி வேணும்."

"கேக்கறேன்" என்றார்.

ரூத் டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை இறந்தார். மறுநாள் பன்னிரண்டாவது வெள்ளிக்கிழமை. செய்தி சாரின் கம்பெனி டிரைவர் மூலம் மரியத்துக்கு வந்தது. பிள்ளைகள் திரும்பி வரவில்லை. சார் ஜனவரியில் தனியாக வந்து வீட்டைக் காலி செய்தார், அவளை வேறொரு குடும்பத்தில் சேர்த்துவிட்டார், கைகுலுக்கினார். கேட்டாரா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. மரியமும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

அதன் பிறகு இரண்டு வீடுகள் மாறினாள். ஷார்ஜாவில் மலையாளிக் குடும்பம் ஒன்று, பிறகு கராமாவில் ஒரு டாக்டர் வீடு. அந்தப் பிள்ளைகள் கதை கேட்டபோதெல்லாம் தெனாலி, காக்கா, நரி என்று எதையாவது சொல்லித் தப்பித்தாள். கேசட்டுகள் மறைந்துபோயின, ஹிஃப்ஸாவுக்குக் கல்யாணம் ஆனது, நிஜாம் கடையைப் பெரிதாக்கினான். மரியம் மட்டும் சார் அந்தக் காலத்தில் எடுத்துத் தந்த கைபேசி எண்ணை மாற்றவில்லை. "இந்த நம்பருக்கு யார் லாத்தா போன் பண்ணப் போறா, ரீசார்ஜ் போட்டுக்கிட்டே இருக்கே?" என்று நிஜாம் கேலி செய்வான்.

2009 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, காய்கறிப் பையோடு கராமா பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்த எண்ணுக்கு நான்கு துண்டுகளாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. தென்னாப்பிரிக்க எண். பையைக் கீழே வைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"மரியம், நான் ஷிரா. இந்த எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா தெரியவில்லை. அப்பா அன்றைக்கு அம்மாவிடம் கேட்டார். அம்மாவால் பேச முடியவில்லை. போன வாரம் சித்தி வீட்டில் அம்மாவின் பெட்டியைத் திறந்தோம். பதிவு செய்வதற்கு முன் எல்லாக் கதைகளையும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறார். ஒன்பதாவதும் இருக்கிறது. கடைசியில் அந்தக் கேள்வி: 'பிள்ளைகள் எல்லாரும் வந்து யாக்கோபைத் தேற்றினார்கள். அவர் தேறவில்லை. இறந்தவர்களை நினைத்து அழுகிறவர்கள் காலப்போக்கில் தேறிவிடுகிறார்கள். இவர் ஏன் தேறவில்லை?' பதில் எழுதவில்லை. நான் ரொம்ப நாள் உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தாலியாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் யோசிக்கவே இல்லை. பிள்ளை உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும் என்றாள். யார் சொன்னது என்று கேட்டதற்கு அம்மா என்கிறாள். நான் திருத்தவில்லை."